குதிக்கால் படாத சைக்கிள்

அதில வேண்டாம் தம்பி. முதலே சொன்னனான். செயினுக்குப் பக்கத்தில போற அந்தக் குழாயில உந்தக் கண்ணாடி ஸ்ரிக்கர் ஒட்டத் தேவையில்லை. ஓம், நீர் சொல்றது விளங்குது. ஓடேக்க குதிக்கால் பட்டுப் பட்டு பெயின்ற் போற இடம் அதுதான். படாது, விடும். கீழ்க் குழாயில கல்லுத் தெறிக்கிற இடமும் வேண்டாம். தெறிக்காது. நீர் பாரின்ர மேல்பக்கம் ஒட்டும், ரெண்டு பக்கமும் ஒட்டும், சீற்றுக்குக் கீழ நிக்கிற குழாயைச் சுத்தி ஒட்டும். சாக்கு மூட்டை சரிஞ்சு விழுந்தால் எங்க உரசும் எண்டு யோசிச்சுப் பாத்து ஒட்டும்.

சிரிக்காதையும். றேசிங் சைக்கிளுக்கு மேல ஆர் சாக்குச் சாத்துறது எண்டுதானே பாக்கிறீர். சாத்துவினம். வாற வியாழன் என்ர மகளுக்குக் கலியாணம். இது அவளின்ர சைக்கிள். வெள்ளிக்கிழமை அவளோட முள்ளியவளைக்குப் போகுது. மாப்பிள்ளை வீட்டில பின்னுக்கு ஒரு கொட்டில் இருக்கு, நான் உள்ளுக்குப் போய்ப் பாத்தனான். விதைநெல்லு, மருந்தடிக்கிற மிசின், உரச் சாக்கு, கூரை வளையில கோழி. அதுக்குள்ளதான் இதை விடப்போகினம். ஒரு கீறல் விழக்கூடாது. அவள் என்னட்டக் கேட்டது அது ஒண்டைத்தான்.

அது சரி, உந்த விலை என்ன விலை. ஓட்டோவுக்கு ஒட்டி மிஞ்சின துண்டுதானே உது. மூலையில சுருட்டி வச்சிருந்ததை நான் வரேக்கயே கண்டிட்டன். மிஞ்சின துண்டுக்குப் புதுச் சுருளின்ர விலை போட ஏலாது தம்பி. கையை எடுக்காதையும், ஒட்டிக்கொண்டே கதையும். கனகராயன்குளத்தில யோகநாதன் எண்டு கேட்டுப் பாரும். பழைய உழவு மிசின் வாங்கி விக்கிறன். என்னோட விலை பேசி வெண்டுபோட்டுப் போன ஆள் இன்னும் இல்லை. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் சரி. பதினாலு வயசில விறகு கட்டி, சைக்கிளில இந்த வவுனியாவுக்குக் கொண்டு வந்தனான். ஓட ஏலாது, பாதித் தூரம் தள்ளுறதுதான். என்ர சைக்கிளுக்குப் பெயின்ற் எண்டு ஒண்டு இருந்ததே எனக்கு ஞாபகமில்லை. அப்பிடிப்பட்டவன் இண்டைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேப்பருக்காக உம்மட மேசையில வந்து நிக்கிறன்.

எது, அந்த மங்கலோ? அது என்ர வேலை. தேச்சுப் போக்கிப் போடலாம் எண்டால் போக்கிவிடும், காசு தாறன். கலியாணம் சரிவந்த கையோட அவள் ஓடுறதை விட்டிட்டாள். சும்மா நிக்கிற சைக்கிளுக்குத் தூசு பிடிக்கக்கூடாது எண்டு நான் பொலித்தீனைச் சுத்தி, பழைய ரியூப்பை வாராய் வெட்டி இறுக்கிக் கட்டி, நெல்லு அடுக்கிற அறைக்குள்ள வச்சன். மிசின் சாமானுக்கு அப்பிடித்தான் செய்யிறனான், வருசக்கணக்கில ஒண்டும் ஆகாது. இதுக்கு உமித்தூசு உள்ளுக்குப் போயிட்டுது. யன்னல் காத்துக்குப் பொலித்தீன் ஆடி ஆடி, அரம் போட்ட மாதிரித் தேச்சுப் போட்டுது. பத்து நாள்தான். அவள் அவிட்டுப் பாத்திட்டு அந்த இடத்தை விரலால தடவினாள். பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பன். எனக்கும் வாய் இருக்கு. அப்பா, அங்க கொண்டுபோனால் கீறுப்படாமல் ஏதும் செய்யேலுமோ எண்டு மட்டும் கேட்டாள். அதுதான் பட்டா லொறியில ஏத்தி, தாயின்ர சீலை நாலைச் சுத்திக் கொண்டு வந்தனான்.

நல்லா ஓடுவாள் தம்பி. லக்சிகா எண்டு பேர். விடிய வெளிக்கிட்டால் மாங்குளம் போய்த் திரும்பி வந்துதான் தேத்தண்ணி. லொறிக்காரர் கோர்ன் அடிச்சால் திரும்பியும் பாக்க மாட்டாள், நேர் கோட்டில போவாள். மாகாணத்தில மூண்டாவதா வந்தவள். அந்தச் சந்தோசப் புழுகத்திலதான் நான் கொழும்புக்குப் போய் இதை வாங்கினன். கடைக்காரனை மத்தியானம் சாப்பிட விடேல்லை. அவ்வளவு பேரம். வாங்கி நாலு மாசம்தான்.

இல்லை, இனி ஓடமாட்டாள். கலியாணத்துக்குப் பிறகு ஓடுறேல்லை எண்டு பேச்சு. எழுத்தில இல்லைத்தான். பேச்சு எண்டால் பேச்சுத்தானே, நாங்கள் யாவாரம் செய்யிற ஆக்கள். கலியாணத்தைக் குழப்பவும் ஏலாது, அவளுக்குப் பொடியனைப் பிடிச்சிருக்கு. செந்தூரன், படிப்பிக்கிற பொடியன், குரல் உயத்திக் கதைக்கத் தெரியாது.

போய்க் கதைக்காமல் இருப்பனோ தம்பி. போன கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியப் போனனான். அவை முதல் சீதனமாக் கேட்டது என்ர கண்டி றோட்டுக் காணியை. மூண்டு தரம் இருந்து கதைச்சு, அதைக் குடுக்காமல் தப்பினவன் நான். போன கிழமை நானாவே போய், காணியை எழுதித் தாறன், பிள்ளையைச் சைக்கிள் ஓட விடுங்கோ எண்டு கேட்டன். சம்மந்தி சிற்றம்பலத்தார் கதிரையால எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சார். காணி வேண்டாம் அண்ணை, நீங்கள் வாக்குத் தந்த மனிசன், எங்களுக்கு அது காணும் எண்டார். பிள்ளை இனி ஓடமாட்டாள் எண்டு சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிப் போட்டினமாம். சம்மந்தியம்மா பலகாரத்தோட தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவா. நல்ல சனம். கெட்ட சனமெண்டால் நான் சண்டை பிடிச்சிருப்பன், அது எனக்குத் தெரியும். கைபிடிக்கிற ஆளோட என்னண்டு சண்டை பிடிக்கிறது. என்ர சீவியத்தில முதல் தரம் கூடக் குடுக்கப் போனனான், வாங்க ஆளில்லை.

ஓம், ஓம், அந்த மூலையை நல்லா அமத்தும், காத்து நிக்குது.

ஆர் அப்பிடிக் கேட்டது எண்டோ? மகளும் அதைத்தான் கேட்டவள். மாமிக்காரிதான் கேட்டிருப்பா எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாள். அந்த மனிசி ஆசையாப் போன் எடுத்தால், ஓம் இல்லை எண்டு ரெண்டு சொல்லோட வச்சிடுறாள். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன். உள்ளதைச் சொல்ல எண்டு எத்தினை தரம் வாய் திறந்தனான் தெரியுமோ.

அவை கேக்கேல்லைத் தம்பி. மூண்டாந் தரம் எங்கட வீட்டில கதை காணியில வந்து இறுகி நிண்டுட்டுது. மிசின் விக்கேக்க இப்பிடி இறுகினால், எங்களுக்குச் செலவில்லாத ஏதும் ஒண்டைத் தூக்கி மேல போடுறது. பழைய கலப்பை, ஒரு ரயர். வாங்கிறவனுக்கு மனம் இளகும். அண்டைக்கும் கையில என்ன இருக்கு எண்டு தேடினன். முத்தத்தில இது நிண்டது. சம்மந்தியம்மா இதை ஒருக்காப் பாத்தவா, சும்மாதான் பாத்தவா. கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை உதில ஏறமாட்டாள், அதுக்கு நான் பொறுப்பு எண்டு நான்தான் சொன்னனான். அதோட காணிக் கதையை விட்டிட்டினம். மகள் குசினிக்குள்ள நிண்டவள், அவளுக்குக் கேக்கேல்லை. பிறகு, அவைக்கு உது விருப்பமில்லையாம் எண்டு மட்டும் சொல்லி வச்சன்.

அண்டைக்கு எனக்கு நல்ல பசி. ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டனான். அவள்தான் போட்டுத் தந்தவள்.