அமாவாசையன்று டேட்டா வராது

2008 மார்ச் 7, வெள்ளிக்கிழமை, காலை எட்டு இருபது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, அதற்குள் வியர்வை. ஏனாத்தூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று அலறினாள்.

"ஐயோ, இன்னிக்கு அமாவாசைடி! டேட்டா வராது!"

"அமாவாசைக்கும் டேட்டாவுக்கும் இன்னாடி?"

"எங்கப்பா தறியிலதான என் ப்ராஜெக்ட்டு. ஒவ்வொரு தடவ நூல இழுத்துக்கினு நாடா குறுக்க ஓடும்போதும் கம்ப்யூட்டருக்கு சிக்னல் வரும். இன்னிக்கு அவரு தறியில உக்கார மாட்டாரு. தெருவுல ஒரு வூட்லயும் தறி சத்தமே இல்ல, இப்பதான் ஒறைக்குது."

"நேத்து வந்தத காட்டேன்."

"சேத்து வெச்சதுல யாரு வேணா தேடலாம்னுவாரு சார். வந்துக்கினு இருக்கும்போதே தேடிக் காட்டணும். பத்து மணிக்கு வைவா. ஃபெயில்தான்."

"அப்பாவ கெஞ்சிப் பாரேன்."

"சாமியே வந்து சொன்னாலும் உக்கார மாட்டாரு."

"சரி, கம்ப்யூட்டர்ல இன்னா கேள்வி போட்டு வெச்சிருக்க?"

"அரை மணி நேரமா நாடா ஓடலன்னா எனக்கு மெசேஜ் அனுப்புன்னு. கிளம்பும்போதுதான் ஆன் பண்ணேன்."

"லூசு! அப்ப இன்னிக்குதான்டி அது பேசணும்!"

இருவரும் கைப்பேசியின் மேல் குனிந்தார்கள். என் நிறுத்தம் வந்தது. எழுந்தேன்; சேதி வராமல் இறங்க மனமில்லை, மறுபடி உட்கார்ந்தேன். ஏனாத்தூர் வளைவில் கைப்பேசி கூவியது.

"தறி நின்னு அரை மணி ஆவுதாம்!" என்று அவள் சத்தமாகப் படித்தாள்.

"உங்கப்பாவுக்கு ஒரு தேங்கா ஒடைடி" என்றாள் தோழி.

நான் திரும்பி வர மூன்று ரூபாய் ஆயிற்று.