பென்சன் ஒத்திகை

...அஞ்சு கிழமை பிள்ளை, அஞ்சே கிழமை! மூண்டு மாசத்துக்கெண்டு கொழும்புக்கு வெளிக்கிட்ட மனுசன் அஞ்சாம் கிழமை பெட்டியோடை வாசல்லை வந்து நிக்கிறார். கையை உயர்த்தும், கம்மக்கட்டு அளவு பாக்கவேணும். பெல் அடிக்குது, ஆரோ சட்டை தைக்கக் குடுக்க வந்திருக்கினமாக்கும் எண்டு கதவைத் திறக்கிறன்... யேசுரட்ணம்! முப்பத்தஞ்சு வருசமா நான் பாத்து அலுத்த அதே முகம். சிரிப்பு வேறை!

நீர் சென் தெனியிலை பாங்கிலை வேலை எண்டு உம்மடை அம்மா சொன்னவ. அப்ப உமக்கு இந்தக் கதை விளங்கும். விளங்காட்டியும் பறவாயில்லை, ரவிக்கையிலை ஊசி குத்தியிருக்கு, நீர் எங்கையும் ஓடேலாது.

எல்லாம் மனுசனுக்குப் பென்சன் வந்ததோடை தொடங்கின வில்லங்கம். முதல் ஜெர்மனியிலை கொஞ்ச வருசம் பெட்டி அடுக்கினவர். அதுக்கு அவங்கள் ஒரு பென்சன் தாறாங்கள், பாணும் பட்டரும் வாங்கலாம். பட்டர் சின்னனெண்டா. பேந்து இஞ்சை பிரான்சுக்கு வந்து ரெஸ்ரோறன்ற் குசினியிலை சமையல். முதல் முதலாளி தங்கமான மனுசன், அரசாங்கத்திலை பதியாமல் வேலை வாங்கிப்போட்டுக் கையிலை காசு குடுத்தவன். இவருக்குப் புழுகம் தாங்கேல்லை. 'பாத்தியே அருள்மலர், வரி இல்லை!' ஓம், வரி இல்லைத்தான். இப்ப பென்சன் கணக்கிலை அந்த வருசங்களும் இல்லை. அவ்வளவு காலமும் இவர் பிரான்சிலை ஒரு வெங்காயமும் உரிக்கேல்லையாம்! அப்ப என்ரை தலையணையிலை மணந்தது என்ன, ரோசாப்பூவோ?

திரும்பும்... முதுகு இறக்கமா வேணுமோ? சரி சரி, உம்மடை முதுகு.

பிள்ளையள் ரண்டும் படிச்சதுகள். ஜெனிஸ்டன் கனடாவிலை, கஜானி சுவிசிலை. நாங்கள் இஞ்சை திரான்சியிலை. கொழும்பு வெள்ளவத்தையிலை ஒரு பிளாட், இவர் சீட்டுக் கட்டி வாங்கினது, பூட்டிக் கிடக்குது. ஒரு குடும்பத்துக்கு நாலு நாடு, ஐ.நா. சபை தோத்துது! ஒரு ஞாயிறு பூசையாலை வந்து செருப்புக் கழட்டேல்லை, ரண்டு பேரும் போனிலை 'மீற்றிங்' எண்டு வந்திட்டினம். அம்மா அப்பாவின்ரை முதுமைக்குத் திட்டமாம். கட்டம் கட்டமாப் போட்டுக் காட்டுறான் மகன். திரான்சி வீட்டை விக்கிறது. நாலு மாசம் கனடா, நாலு மாசம் சுவிஸ், குளிருக்கு நாலு மாசம் கொழும்பு.

'அப்ப பிரான்ஸ்?' எண்டு கேட்டன்.

'அங்கை என்னம்மா இருக்கு?' எண்டாள் கஜானி. இஞ்சை என்ன இருக்காம்! நான் இருக்கிறனடி!

பச்சைக் கட்டம் வரவு, சிவப்புக் கட்டம் செலவு. தேப்பன் சிவப்பிலை. பிரஷர் குளிசை, கண்ணாடி, பல்லு... நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கிறான். 'என்னை எங்கையடா போட்டிருக்கிறாய்?' 'அம்மா, நீங்கள் பச்சை!' எண்டான் பெருமையா. எனக்கும் ஒரு கணம் உச்சி குளிந்துபோச்சு. பேந்து பாத்தா... பேரப்பிள்ளையளைப் பாக்கிற இடத்துக்குக் கட்டுற காசு மிச்சமாம்! கனடாவிலை டொலரா ஒருக்கா, சுவிசிலை பிராங்கா ஒருக்கா. பெத்தனான், வளத்தனான், கடைசியிலை அந்நியச் செலாவணியும் நான்தான்!

பென்சன் காணாத ஆக்களுக்கு அரசாங்கம் மேலை கொஞ்சம் போட்டுத் தருமெல்லே? அதுக்கு வருசத்திலை ஒன்பது மாசத்துக்கு மேலை இஞ்சை இருக்கவேணும். அதுக்கும் மகன் ஒரு கட்டம் வைச்சிருந்தான். 'நட்டம், ஆனா தாங்கலாம்'. தாங்கப்போறது ஆர், அவனோ?

எங்கடை செபஸ்டியன் அண்ணையைத் தெரியுமோ? தெரியாதோ... மன்னாருக்குப் போய் இருந்தவர். வெளிநாட்டிலையிருந்து பென்சன் எடுக்கிறதெண்டா வருசா வருசம் 'உயிரோடைதான் இருக்கிறன்' எண்டு கடதாசி அனுப்பவேணும். மனுசன் அதை அலுமாரிக்கு மேலை வைச்சுப்போட்டு மறந்துபோனார். பென்சன் நிண்டிட்டுது. ஆள் அங்கை கொழுகொழுவெண்டு பாரைமீன் சாப்பிடுறார், பிரான்சிலை ஆளுக்குச் செத்தவீட்டு அந்திரட்டியும் முடிஞ்சுது!

சரி, விசயத்துக்கு வாறன். 'விக்கமுதல் கொழும்பிலை ஒருக்கா இருந்து பாப்பம், ஒத்திகை மாதிரி' எண்டார் இவர். எனக்குக் கலியாணச் சட்டையள் குவிஞ்சு கிடந்தது. அவர் மட்டும் போனார்.

முதல் கிழமை போனிலை ஒரே கடல்காத்தும் செவ்விளநீரும். ரண்டாம் கிழமை லிப்ற் வேலை செய்யேல்லை. பேந்து பக்கத்து வீட்டுக்காரன் வந்து தன்ரை நோர்வேயிலை கொட்டுற சினோவைப் பற்றிக் கதைச்சானாம். அந்தக் கட்டிடம் முழுக்க இப்பிடித்தானாம் பிள்ளை, எங்கையோ உழைச்சிட்டு வந்ததுகள், பிள்ளையள் வேறை எங்கையோ. இவருக்கு விடிய நித்திரை வராது, குசினிப் பழக்கம். எழும்பி ஒரு கிடாரம் சூப் வைப்பாராம், நாப்பது பேருக்குக் காணும். கேற்றைக் காக்கிற வோச்சர் மூண்டு நாள் குடிச்சவன். நாலாம் நாள் கேற்றடியிலை ஆளைக் காணேல்லை!

நான் இஞ்சை மகாராணி. கட்டிலிலை நடுவிலை படுத்தன். ஒருத்தரும் விடியக் காறித் துப்பேல்லை. ஒருநாள் கறி மூண்டு நாளைக்கு ஓடிச்சு. மூண்டாம் நாள் கறிக்கு என்ன குறை எண்டு கேக்கவும் ஆளில்லை...

எங்கை விட்டனான்? ஓ, வந்து நிண்டது. திரான்சி வீட்டை வாங்க வந்தவை 'நீங்கள் ஒரு முடிவெடுக்கிற மாதிரித் தெரியேல்லை' எண்டு வேறை வீட்டை வாங்கிட்டினம். திட்டம் துலைஞ்சுது. ஜெனிஸ்டன் தேப்பனோடை இன்னும் கதைக்கேல்லை. 'அப்பாவாலை எல்லாம் பாழ்' எண்டு எனக்குத்தான் எடுத்துக் கத்துறான். இந்த மனுசன் போனைப் பறிச்சு, 'ஓம் தம்பி, எனக்குத்தான் வெக்கை ஒத்துவரேல்லை' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்.

வெக்கையோ! அடுப்படியிலை வாழ்ந்த மனுசனுக்கு வெக்கையோ!

என்ன? பேந்து ஏன் வந்தவர் எண்டோ... குனியாதையும் பிள்ளை.

நான்தான் போன் எடுத்தனான். அண்டைக்கு ரண்டு பேருக்கு அரிசி போட்டுட்டன், கை பழக்கம். சோத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன், என்னவோ ஆச்சு, எடுத்திட்டன். எடுத்தாப் பிறகு என்ன சொல்லுறது? 'வாங்கோ' எண்டோ? அப்பிடிச் சொல்லிப் பழக்கமில்லை எங்களுக்கு. 'சுடுதண்ணி வருகுதில்லை' எண்டன். 'கீழ்வீட்டு மார்செலிட்டைச் சொல்லு, அவன் பாப்பான்' எண்டார். 'என்ரை பிரெஞ்சு அவனுக்கு விளங்காது' எண்டன். போனுக்குள்ளை கடல் இரையிறது கேட்டுது. 'சரி' எண்டார்.

வந்து கோட்டும் கழட்டேல்லை, நேரை குசினிக்குப் போனார். குழாயைத் திறந்தார். ஆவி பறக்கத் தண்ணி வருது. நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். கையைக் கழுவினார், என்ரை சீலைத் தலைப்பிலை துடைச்சார்.

'இப்ப சரியாப்போச்சு' எண்டார்.