கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்

அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போடுவது அவ்வளவு லேசான காரியம் இல்லை, சார். வேண்டுமானால் நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செங்கம் சாலையில் வேதா டீச்சரின் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். அவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கோடு, வட்டம், பெட்டி என்று வீடு நிறைய வரைந்து குவித்தேன். அவர் சிவப்புப் பென்சிலால் திருத்திக் கொடுப்பார். கோபமே வராது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தெருவை வரைந்தால் தூரம் போகப் போகக் குறுக வேண்டும், கோடுகளெல்லாம் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்தது, எனக்குச் சேரவில்லை. வெட்கமாக இருந்தது. கார்த்திகை தீபத்தையொட்டி வகுப்பில் கண்காட்சி வைப்பார்கள். அதில் என் படம் ஒன்று தொங்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

நானே ஒருநாள் கேட்டேன். "மறைக்காம சொல்லுங்க டீச்சர். எனக்கு வருமா?"

"வராது சார்" என்றார். "கை நல்லா பழகியிருக்கு. ஆனா எதிர்ல இருக்கறத நீங்க பாக்கவே மாட்டேன்றீங்க. மனசுல நெனச்சதத்தான் போடுறீங்க. கண்காட்சிய விட்ருங்க. சும்மா வந்து வரைஞ்சிட்டிருங்க, சந்தோஷமா இருக்கும்."

நியாயமான பதில்தான். அவர்மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படமானாலும் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்துபோய், தள்ளி நின்று பார்ப்பார். "எட்ட நின்னு பாருங்க, தப்பு தானா தெரியும்" என்று எங்களுக்கும் சொல்வார். பின்னால் நாற்காலி கிடந்தால் யாராவது நகர்த்துவோம்.

என் வீட்டு மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டிருந்தது. கொத்தனாரை வைத்துத் தெருப் பக்கம் மட்டும் இடித்தேன். மறுநாள் காலை அந்த இடைவெளி தெரியாதபடி கொடியில் ஒரு போர்வையைக் காயப்போட்டேன். அதற்கு எதிரே ஸ்டாண்டில் நான் புதிதாக வரைந்த ஒரு படத்தை வைத்தேன். கடைசியாக ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் என்று டீச்சரை அழைத்தேன். பாவம், மறுக்காமல் வந்தார்.

படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சார், இது பரவால்லயே" என்றபடி பின்னால் நடந்தார். நான் அவரைத் தொடவில்லை. அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போர்வையும் அவரோடு போயிற்று.

எட்டிப் பார்த்தபோது தெரு முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. உடனே வரைய உட்கார்ந்தேன். டீச்சரின் கை வெகுநேரம் அசைந்ததாகச் சொல்கிறார்கள். நான் தாளில் கவனமாக இருந்தேன்.

அப்போது வரைந்த படத்தை நீங்கள்தான் எடுத்து வைத்திருக்கிறீர்கள். கடைகள், ஆட்டோக்கள், தூரத்தில் மலை, எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கின்றன. டீச்சர் விழுந்து கிடந்த இடத்தை மட்டும் வெறும் சாலையாக விட்டுவிட்டேன், பார்க்க நன்றாக இருக்காது என்று. மற்றபடி, எதிரில் இருந்ததைத்தான் வரைந்திருக்கிறேன், சார்.