காப்ரியல் அங்கிளோட வலது காலு

இல்ல தம்பி, காசு திருப்பிக் கேக்க வரல. அத மொதல்ல மனசுல வச்சுக்க. நான் பட்டறைக்குள்ள வந்ததும் உன் மூஞ்சி சுருங்கிப் போச்சு பாரு, அதான் சொல்றேன். இந்த நாற்காலியில உக்காரலாமா? எண்ணெ ஒட்டுமா? ஒட்டுனா ஒட்டட்டும், வீட்டு கவுனுதான். என் போன இங்க ஸ்பேனருங்க பக்கத்துல கவுத்து வைக்கிறேன். சூடாயிருச்சு, பையில வச்சா இடுப்பு வேகுது. நீ பாட்டுக்கு வேலையப் பாரு. அந்தக் காத்தடிக்கிற மிசின மட்டும் கொஞ்சம் அமத்து லா, எனக்கு இப்பல்லாம் காது சரியா கேக்க மாட்டேங்குது.

ஆங், இப்ப கேக்குது. ஒரே ஒரு கேள்விதான். எங்க காடி பிரேக்க நீ மாத்துனியா, மாத்தலையா?

என்ன சொன்ன? சத்தமா சொல்லு. மாத்துனியா. சரி, நல்லது. காடிய வித்துட்டோம் தம்பி, அதான் கேக்குறேன். வாங்குனது ஒரு சின்னப் பொண்ணு. இப்பதான் கல்யாணம் ஆச்சு. வேலைக்குத் தெனமும் தூரமா ஓட்டணுமாம். அந்தப் புள்ள உசுரு அந்த நாலு சக்கரத்துலதான இருக்கு. வித்தாச்சு, ஆனா எனக்கு மனசு அடங்கல. உன் வாயால ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்னு வந்தேன்.

ஏன் வித்தோமா? உனக்குத் தெரியாதா? கோலசிலாங்கூரே சிரிச்சுச்சே. பாசிர் பெனம்பாங் பாலத்துல இருந்து எறங்கயில எங்க வீட்டுக்காரரு ஐஸ் லோரி பின்னால கொண்டு போய்ச் சொருகிட்டாரு. லோரிக்கு ஒரு கீறல் இல்ல. எங்க காடிக்கு மூக்கே காணோம். நான் பக்கத்துல மடியில எறா பைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எறா பூரா என் தலமேல. மீன் கடை சீனம்மா ஓடி வந்து, அங்கிளுக்கு வயசாயிருச்சு, இனிமே ஓட்ட விடாதன்னு மலாய்ல சொல்றா. அவரு பக்கத்துலயே நிக்கிறாரு.

பிரேக் போட்டேன் மாடில்டா, புடிக்கலன்னுதான் சொன்னாரு. யாரு கேட்டா? எம்மகன் பிரையன் உன் பில்ல எடுத்து அவரு மூஞ்சிக்கு முன்னால ஆட்டுனான். பிரேக்கு புதுசு, லிங்கேஸ்வரன் அண்ணன் கடை முத்திரச் சாப்பு குத்தியிருக்கு, பிரேக்குல குத்தம் இல்ல, உங்க கால்லதான் குத்தம்னான். சாவிய வாங்கி வச்சுக்கிட்டான். இவரு யாரு? எஸ்டேட்டு ஆஸ்பத்திரி வேன் ஓட்டுன மனுசன் தம்பி. புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு செம்மண் ரோட்டுல போனா, உள்ள படுத்திருக்கறவளுக்குக் குலுங்காது. அந்த ஆளு சாவிய மகன்கிட்ட குடுத்துட்டு, கால் கழுவிட்டு வந்து டிவி முன்னால உக்காந்துட்டாரு.

இப்ப என்ன பண்றாரு தெரியுமா? உக்காந்த எடத்துலயே வலது கால தரையில அமுக்குறாரு. எடுக்குறாரு, அமுக்குறாரு. டிவியில என்ன ஓடுதுன்னு கேட்டா தெரியாது. என்னங்க பண்றீங்கன்னா, இல்ல, வேகம் கொறஞ்சு போச்சான்னு பாக்குறேன்றாரு. எனக்கு வர்ற ஆத்திரத்துல அந்தக் கால ஒடச்சு அடுப்புல போட்டுறலாமான்னு இருக்கும். அப்பறம் பாவமா இருக்கும்.

அட, நீ ஏன் நட்ட கையில வச்சுக்கிட்டே நிக்கிற? முடுக்கு, முடுக்கு.

காடி மூக்க ஒட்ட சுங்கை பெசாருக்கு இழுத்துக்கிட்டுப் போனோம். அங்க நடராஜான்னு ஒரு மெக்கானிக்கு. டயர கழட்டுனவன் என்னயக் கூப்புட்டான். அக்கா, இது புது பிரேக் பேடு இல்ல, பழசையே தேச்சு திரும்பப் போட்டிருக்கு, மேலாப்புல சில்வர் ஸ்ப்ரே அடிச்சிருக்கு, பாலத்துல எங்க புடிக்கப் போவுதுன்னான். ஆமா, நீ சொல்றது சரிதான். முன்னால செஞ்சவன குறை சொல்லாம எந்த மெக்கானிக்குமே டயர கழட்ட மாட்டான். அங்கிளும் அதேதான் சொல்றாரு. லிங்கேஸ்வரன் நல்ல பையன், அவன் தொழில கெடுக்க இவன் சொல்றான்னு. உன்ன நம்பி, தன் கால சந்தேகப்படுறாரு அந்த ஆளு. எனக்கு அதத்தான் தாங்க முடியல.

நடராஜா புதுசு போட்டானாவா? எங்க போடறது? இருந்ததெல்லாம் உன்கிட்ட குடுத்தாச்சே. மூக்க மட்டும் ஒட்டிக்கிட்டு வந்துட்டோம். நீ போட்டதுதான் இன்னும் உள்ள இருக்கு. நீதான் மாத்துனன்ற, அப்பறம் என்ன?

நாங்க வந்ததே எஞ்சின் எண்ணெ மாத்த. ஞாபகம் இருக்கா? எண்ணெக்கு ஆஃபர்னு வெளிய பேனர் கட்டியிருந்த. அத நம்பி வந்தோம். காடிய மேல தூக்கி நாலு டயரையும் கழட்டி வச்சுட்டு, ஆன்ட்டி இங்க வாங்க, இந்தப் பிரேக்க வச்சுக்கிட்டு எப்படி ஓட்டிக்கிட்டு வந்தீங்க, சாமிதான் காப்பாத்தியிருக்குன்னு சொன்ன. நான் தலைய ஆட்டுனதும் டிஸ்க்கும் போச்சுன்ன. அதுக்கும் ஆட்டுனேன், பம்பு ஒழுகுதுன்ன. டியூபு வெடிச்சிருக்குன்ன. நான் வேண்டாம், டயர மாட்டு, வீட்டுக்குப் போறோம்னேன். நீ என்ன சொன்ன? போங்க ஆன்ட்டி, ஆனா நாளைக்கு எதாவது ஆச்சுன்னா என்னக் குத்தம் சொல்லாதீங்கன்ன. எங்க வீட்டுக்காரர ஒரு பார்வ பாத்துட்டு சொன்ன. அவரு பயந்துட்டாரு. தனக்கு இல்ல, நான் பக்கத்துல உக்காந்து வர்றனேன்னு பயந்துட்டாரு. ரெண்டாயிரத்து முந்நூத்து எண்பது வெள்ளி. பல்லு செட்டு கட்ட வச்சிருந்த காசு. அவரு இன்னும் கஞ்சிதான் குடிக்கிறாரு, எறாவ நான்தான் தின்னேன்.

போட்டோ வேற அனுப்புன, வாட்சாப்புல. தேஞ்சு போன பேடு, அதப் புடிச்சிருக்குற உன் கட்டவிரலு, நகம் கன்னங்கரேல்னு செத்துப் போயிருக்கு. கார் மாறுனா பேடும் மாறும்ல? எங்க சபை வெரோனிக்காவுக்கு நீ அனுப்புன போட்டோவ கோயில்ல வச்சு காமிச்சா. அதே பேடு. அதே செத்த நகம். இப்பக் காட்டு கைய. பாரு, எவ்வளவு அழகா ரோஸ் கலருல இருக்கு. அந்த ஒரு போட்டோவ எத்தன வருசமா எத்தன பேருக்கு அனுப்புறப்பா?

சரி சரி, கோவப்படாத. போட்டோ மாறிப் போயிருக்கும். ஆள் அதிகம், வேலை அதிகம். ஆனா எங்க காடிக்கு மாத்துன. அப்படித்தான? முருகன் படத்துக்கு மாலையெல்லாம் போட்டு வச்சிருக்க. உன்ன சத்தியம் பண்ணச் சொல்லல நான், எங்க சபையில அது தப்பு.

என்ன? யாரு மேல? மக மேலயா?

வேணாம்பா. எனக்காக அதெல்லாம் பண்ணாத. எம்மக மேல சத்தியமா நாலு பக்கமும் புதுசு போட்டேன்னு நீயா சொல்ற, நான் கேக்கல. இந்தா நிக்கிற உன் ஆளு புவனேசனும் கேட்டுட்டான். சரி, இனிமே நான் என்ன சொல்ல? ஒருத்தன் பெத்த புள்ள மேல கைய வச்சு சொல்லிட்டா, அதுக்கு மேல பேச்சே கெடையாது. எனக்கு நிம்மதியாப் போச்சு. நான் கெளம்புறேன்.

ம்? யாரு வாங்குனாங்களா? அது எதுக்கு உனக்கு. சர்ப்ரைஸ்னு சொல்லியிருக்காங்க. ஆமா லா, உனக்குத்தான் சர்ப்ரைஸ். எம்மக மேகி பேஸ்புக்குல போட்டிருந்தா, அதப் பாத்துட்டு ராசா ஊர்ல இருந்து வந்தாங்க, புருசனும் பொண்டாட்டியும். பையன் பேரு சரண். நல்ல உயரம். பிரேக்கு எப்படி ஆன்ட்டின்னு கேட்டான். நான் உன் பில்ல எடுத்து நீட்டுனேன். அந்தப் பொண்ணு சாப்பப் பாத்துட்டு கைகொட்டி சிரிச்சுச்சு. ஐயோ, இது எங்கப்பா கடை, எங்கப்பா செஞ்சதுன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னுச்சு.

உக்காரு. உக்காரு தம்பி, நான் இன்னும் முடிக்கல.

காலையில சாவிய குடுத்தேன். வெள்ளோட்டமா பிரேசர்ஸ் ஹில்லுக்குப் போறோம்னாங்க. ஏறிட்டுச் சாப்டுட்டு எறங்கணும். இப்ப எறங்குற நேரம்தான். நானும் இவரும் கல்யாணமான புதுசுல போயிருக்கோம். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. வளைஞ்சு வளைஞ்சு வரும், எனக்கு வாந்தியே வந்துருச்சு. உம்மக திலகா முன் சீட்டுலதான் உக்காந்துச்சு, பெல்ட்டெல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிச்சு. நல்ல வளப்பு.

போட்டுப் பாரு, போட்டுப் பாரு. என்ன வருது? எங்கேஜா? மலைக்குள்ள அப்படித்தான், லைன் ஒழுங்கா கெடைக்காது. மாப்பிள்ளைக்குப் போடு. அடைச்சு வச்சிருக்கா? ஓட்டும்போது போன் பேசக் கூடாதுன்னு அடைச்சிருப்பாரு, பொறுப்பான பையன். நீ ஏன் சாவிய எடுக்குற? இங்க இருந்து எப்பப் போய்ச் சேருவ? அதுவும் புது பிரேக்கு போட்ட காடி, சும்மா விர்ருனு எறங்கி வந்துருமே.

கத்தாத. கைய விடு. வயசானவ கையி.

இரு, ஒரு வழி இருக்கு. பிரையன் பைக்குல அவங்க பின்னாலயே போறான். அவன் லைனு வேற கம்பெனி, கெடைக்கும். நான் சொன்னா முந்திப் போய் நிறுத்திருவான். ஆனா என்னன்னு சொல்லி நிறுத்தச் சொல்றது? புது பிரேக்கு, அப்பன் கையால போட்டது, மக மேல சத்தியம் பண்ணுன பிரேக்கு. அந்தக் காடிய எதுக்கு நிறுத்தணும்? அப்பா கால்தான் சரியில்லன்னவன் பிரையன், பில்ல ஆட்டுனவன். அவன் காரணம் கேப்பான்ல? நீ சொல்லு, நான் அவன்கிட்ட சொல்றேன்.

இல்ல, அழுதா எனக்குப் புரியாது. வார்த்தையா சொல்லு.

மாத்தல. சத்தமா.

மாத்தல. என்ன பண்ணுன? தேச்ச. மண்ணுத்தாளு போட்டுத் தேச்ச. அப்பறம்? ஸ்ப்ரே. பம்பு? பம்பத் தொடவே இல்ல. ஐயோ, தொடச்சு மட்டும் வச்சியா. சரி, இன்னும் ஒண்ணு இருக்கு. அன்னைக்குப் பாலத்துல, எங்க வீட்டுக்காரரு கால அமுக்குனாரா, அமுக்கலையா? உனக்கு எப்படித் தெரியும்னு சொல்லாத, தொழில் தெரிஞ்சவன் நீதான். அமுக்குனாலும் புடிச்சிருக்காது. அப்ப குத்தம் அவரு கால்ல இல்ல. அந்த வார்த்தைய நீ சொல்லு. முழுசா சொல்லு, பேர் வச்சு சொல்லு.

ஆங். காப்ரியல் அங்கிள் கால்ல ஒரு குத்தமும் இல்ல.

போதும்பா. கண்ணத் தொடச்சுக்க. பிரையனுக்கெல்லாம் போன் போட வேணாம், அவன் கிள்ளான்ல வேலைல இருக்கான். காடி எங்கயும் போகல, எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. பிரேக்கும் இப்ப புதுசுதான், நடராஜா போட்டது, மேகி காசு குடுத்தா. நான் எவ்வளவு சொல்லியும் உம்மக நம்ப மாட்டேன்னுச்சு. எங்கப்பா அப்படி செய்ய மாட்டாரு ஆன்ட்டி, அவரே சொன்னாத்தான் நம்புவேன்னு அழுதுச்சு. அங்கிளும் அதேதான் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் உன் மேல அவ்வளவு மரியாத.

என்ன பாக்குற? எங்கேஜ்னு வந்துச்சுல்ல. எங்க வீட்டுல அங்கிள் பக்கத்துல உக்காந்து என் லைன்லதான் இருக்கு உம்மக, நான் வந்ததுல இருந்து. ஸ்பேனர நவுட்டு, போன எடுத்துக்கறேன்.

ஹலோ. திலகா, அழாதம்மா. சாவி அந்தக் கொக்கியிலதான் தொங்குது, வேணும்னா எடுத்துக்க, வேணாம்னா விட்டுரு. ஸ்பீக்கர சத்தமா வச்சிருந்தியா, அங்கிளுக்குக் கேட்டுச்சா? நல்லாக் கேட்டுச்சா? சரி, இப்ப அவரு கால மட்டும் பாத்து சொல்லு. இன்னும் அமுக்குறாரா, நிறுத்திட்டாரா?