இன்னொரு ஹாரன்

வளப்பூர் நாடு என்ற மலையூருக்கு ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, அடுத்த வளைவுல டிரைவர நல்லா சத்தமா ஹாரன் அடிக்கச் சொல்றீங்களா?"

அவள் பக்கத்தில் காலிக் கூடையோடு இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "புள்ள முழிச்சிருக்குதே கண்ணு. பயந்துக்காதா?"

"முழிச்சிருக்கறதுனாலதான் கேக்கறனுங்க. ரெண்டு மாசத்துக்கு முந்தி இவளுக்கு மூளைக்காய்ச்சலுங்க. பால் குடிக்கல, உச்சிக்குழி புடைச்சுக்கிச்சு. முதுகுல நீர் எடுத்துப் பாத்து, மூணு வாரம் ஊசி போட்டுப் பொழைக்க வெச்சாங்க. ஆனா அந்தக் காய்ச்சல் காதைக் கெடுத்தாலும் கெடுக்குமாம். அதான் இன்னிக்கு டெஸ்ட்டுக்குப் போய்ட்டு வாரேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குதாம். ஆனா தூங்க வெச்சுத்தான் பாத்தாங்க. தூங்கற புள்ளைக்குக் கேக்குதுன்னு மிஷினு சொன்னா, மனசு நம்ப மாட்டேங்குதுங்க."

கண்டக்டர் முன்னால் போய் டிரைவர் காதில் சொன்னார். அடுத்த வளைவில் டிரைவர் ஹாரனை அமுக்கினார். வளைவு முடிந்தும் கையை எடுக்கவில்லை. குழந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீறிட்டு அழுதது.

"கேக்குதுங்க!" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

"கேக்குது, கேக்குது. எங்களுக்குத்தான் காது போச்சு," என்றார் கூடைக்கார அம்மாள்.

கண்டக்டர் வந்து குழந்தையிடம் குனிந்தார்.

"இன்னும் முப்பது வளைவு இருக்குது சாமி. இப்பவே அத்தனைக்கும் சேத்து அழுது தீத்துராத."