ஏர் ஸ்க்ரூவில் ஒரு கால் சுற்று

ஐயா, உங்கள் ஸ்டேஷன் ரோந்து பைக்குக்குச் செயின் தொய்ந்து போயிருக்கிறது. நேற்று நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் அதைக் கொண்டுவந்து நிறுத்தும்போது சத்தத்தைக் கேட்டேன். இறுக்க ஐந்து நிமிஷம் போதும். வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். இனி என்னிடம் கொடுக்க உங்களுக்கு மனசு வராது.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக ரைட்டர் சொன்னார். அவர் எழுதினால் என்னை 'மேற்படி நபர்' ஆக்கிவிடுவார். பத்தாவது வரை படித்திருக்கிறேன், தமிழில் எண்பத்தொரு மார்க். நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் இருசப்பன், வயது நாற்பத்தேழு. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருபத்தாறு வருஷமாக டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கடைக்குப் போர்டு கிடையாது. 'காதுக்காரர் கடை' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கார்புரேட்டரைத் திருகும்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு வேலை செய்வேன் என்று பெயர். உண்மையைச் சொன்னால் கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. திறந்திருந்தாலும் கேட்கும். ஆனால் மூடினால் வண்டிக்காரருக்கு ஒரு பயபக்தி வருகிறது. வீட்டில் கண்ணாடி முன்னால் மூடிப் பழகியதும் உண்டு. மூடினால் எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகுதான் உறைத்தது. என் அறிவின் அளவு அவ்வளவுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தமிழழகனை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். எலவனாசூர்கோட்டைப் பையன், இங்கே ஒரு விதைக் கடையில் வேலை. அவன் அப்பா ஓட்டிய டூ ஸ்ட்ரோக் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பான். ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. ஐப்பசியில் பார்சலில் வேறு கம்பெனி சைலன்சர் ஒன்று வாங்கித் தானே மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "இன்னாண்ணே, புடிச்சி ஓட்டனா நடுவுல தடுமாறுது" என்றான்.

தடுமாறத்தான் செய்யும். சைலன்சர் மாறினால் புகை லேசாக வெளியே போகும், காற்று ஜாஸ்தியாக உள்ளே வரும். அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் கூட்டித் தர வேண்டும். இந்த மாதிரி வண்டியில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது. பெட்ரோல் கம்மியானால் இன்ஜின் வறண்டு சூடேறும். கடைசியில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் பின் சக்கரம் சுற்றாது, சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றுவிடும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை, ஜெட் என்போம், அதைப் பெரிதாக மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவைத் திருகினேன். பக்கத்து டீக்கடையில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆகவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மூடியிருந்தேன். பிறகு கண்ணைத் திறந்து, 'எடுத்துக்கொண்டு போ' என்று கையால் காட்டினேன். பேசக்கூட மாட்டேன் அந்த நேரத்தில்.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "அண்ணே, இன்னும் கொஞ்சம் இழுக்குதே. திருப்புளிய குடுங்க" என்று என் கையிலிருந்து வாங்கி, ஸ்க்ரூவில் ஒரு கால் சுற்று உள்ளே விட்டான்.

வண்டி சரியாகிவிட்டது. சோறு கொதிக்கிற மாதிரி சீராக நின்று ஓடிற்று. எனக்கே தெரிந்தது.

"அண்ணனுக்குக் காது மந்தமாயிடுச்சிப்பா" என்று சிரித்தான். டீக்கடை ராமசாமி, "இருசா, பையன் உன்னத் தூக்கி சாப்ட்டுட்டான்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என்னைவிட நன்றாகச் சிரித்தவர் யாரும் இல்லை.

ஒரு வாரத்தில் எனக்குப் பெயர் மாறியது. "இன்னா கால் சுத்து, டீ போடட்டா?" என்பார் ராமசாமி. வண்டி விட வருகிறவர்கள், "கால் சுத்து அண்ணன் இருக்காரா?" என்றார்கள். நான் இருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பெயர் சம்பாதித்திருந்தேன், அது போக ஏழு நாள் ஆயிற்று. திருக்கோவிலூர் போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். இங்கே காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள். வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, இடது காது பழுதில்லை என்றார். அதனால் இடது காதை இன்ஜின் பக்கம் திருப்பி உட்காரப் பழகிக்கொண்டேன். கோபம் என்று எனக்கு எதுவும் இல்லை. நான் கோபப்படுகிற ஆளே இல்லை, என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை தமிழழகன் திரும்ப வந்தான், கூடவே அவன் மனைவி சுபஸ்ரீ. ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்கு மேலே அருவி பார்க்கப் போகிறார்கள், வண்டியை ஒரு தடவை பார்த்துத் தர வேண்டும். அந்தப் பெண் கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணா, மலை எறங்கறப்ப இவரு ரொம்ப வேகமா வருவாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றது.

சொன்னேன். "பாத்து எறங்குப்பா" என்று சொன்னேன். அதை அவளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அவன் என் பக்கத்தில் குனிந்து, "அன்னிக்கி வெளையாட்டுக்குத்தாண்ணே சொன்னேன், மனசுல வெச்சிக்காதீங்க. நான் எதையும் தொடல, நீங்களே பாத்துக் குடுங்க" என்றான். நல்ல பையன்தான். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னதைக் காதோடு வந்து திருப்பி வாங்க முடியாது. அதுவும் வலது காதோடு சொன்னான். பாதிதான் கேட்டது.

வண்டியைக் கெடுப்பது சுலபம் ஐயா, எந்த மடையனும் செய்வான். அப்படிக் கெடுத்தால் தெருமுனை தாண்டுவதற்குள் தெரிந்துவிடும், அவனே திருப்பிக்கொண்டு வருவான். எனக்கு வேண்டியது அது இல்லை. நின்று ஓடும்போது சத்தம் பிசிறக் கூடாது, அவன் தலையைச் சாய்த்துக் கேட்டாலும் குறை சொல்லக் கூடாது. மலை ஏறும்போது முன்னைவிட நன்றாக இழுக்க வேண்டும். ஏறும்போது ஜெட் வழியாக பெட்ரோல் தாராளமாகப் போகும், ஆகவே ஜெட்டை நான் தொடவில்லை. இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு வருவார்கள். அப்போது சின்ன ஓட்டை வழியாகத்தான் இன்ஜினுக்குச் சாப்பாடு. அந்த வழியில் மட்டும் காற்றைக் கூட்டி, கூட்டியது வெளியே தெரியாதபடி வேறு இடத்தில் சரிக்கட்டினேன். முழு மத்தியானம் பிடித்தது. இடது காது ஒன்றை வைத்துக்கொண்டு செய்தேன்.

டிரையல் பார்க்காமல் வண்டியை ஒப்படைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சனிக்கிழமை காலையில் நானே வெள்ளிமலை வரை ஓட்டிப் போனேன். அருமையாக ஏறியது. இறங்கும்போது கிளட்சில் இரண்டு விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பிஸ்டன் பிடிக்கப் போவதற்கு முன்னால் சத்தம் மெலிந்து உயரும். ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் உயர்ந்தது. கிளட்சை இழுத்து, ஓரமாக நிறுத்தி, ஒரு பீடி குடித்தேன். பின்னால் இன்னொருவர் கனமும் சேர்ந்தால் ஏழாவது வளைவு என்று கணக்குப் போட்டேன்.

கடைக்கு வந்து பார்த்தால் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கம்பி லேசாக ஆடியது. அதை இறுக்கிக் கொடுத்தேன். அவன் சாயங்காலம் வந்து தலையைச் சாய்த்துக் கேட்டான். "சூப்பர்ண்ணே. இதான் இருசப்பண்ணன் கை" என்றான். டீக்கடைப் பக்கம் பார்த்தேன். ராமசாமி பாத்திரம் கழுவப் போயிருந்தார், ஒருவர் காதிலும் விழவில்லை.

ஏழாவது வளைவுதான். பையன் அங்கேயே போய்விட்டான். சுபஸ்ரீக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. நீங்கள் என்னைக் கூப்பிட்டு, ஸ்டேஷன் வாசலில் கிடந்த வண்டியைப் பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். ஊரில் நல்ல மெக்கானிக் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றினேன், வெள்ளை வெளேரென்று இருந்தது. காற்று ஜாஸ்தி என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். வண்டியில் அந்தக் கால் கம்பி மட்டும் அசையாமல் இருந்தது. இறுக்கினால் அப்படி இறுக்க வேண்டும்.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஊரே எனக்காகப் பரிதாபப்பட்டது. "அவனே திருகிக்கினு கெடுத்துக்கினான், நீ இன்னா பண்ணுவ" என்று ராமசாமி டீக்குக் காசு வாங்கவில்லை. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுபஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அவரு திருகனதாலதான் இப்பிடி ஆச்சா? நான் தடுத்திருக்கணுமா?" என்று அழுதது.

"ஆமாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று சாட்சிக் கையெழுத்துக்கு என்று வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வண்டியைப் பரிசோதித்த அதிகாரியின் அறிக்கையை ரைட்டர் சத்தமாகப் படித்தார். 'அனுபவமற்ற நபர் கார்புரேட்டரைத் தவறாகத் திருகியதே விபத்துக்குக் காரணம்.' கேட்டதும் எழுந்து வந்து உங்கள் மேஜை முன்னால் நின்றேன்.

முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். அவன் சாக வேண்டும் என்றுதான் திருகினேன். பின்னால் அந்தப் பெண் உட்காருவாள் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் திருகினேன். வக்கீல் வேண்டாம். அந்த அறிக்கையில் 'அனுபவமற்ற', 'தவறாக' என்ற இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அடித்த பிறகு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.