ஆறாவது மணி

பித்தளை துலக்க வினிகரும் உப்பும் போதும், பிள்ளைகளே. யார்க் நகரத்து அந்த வீட்டில், சமையலறைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய ஒன்பது மணிகளையும் நான் அப்படித்தான் பளபளவென்று வைத்திருந்தேன். அறைக்கு ஒரு மணி. மேலே கயிற்றை இழுத்தால் கீழே அடிக்கும். சத்தம் நின்ற பிறகும் அதைத் தாங்கும் சுருள்கம்பி சற்று நேரம் நடுங்கும். எந்த அறை கூப்பிட்டது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

ஆறாவது மணி அந்த வீட்டு எஜமானரின் மகள் ஆகஸ்டா சின்னம்மாவுடையது. பதினாறு வருஷம் அவளுக்குத் தலைவாரிவிட்டவள் நான். நாட்டை ஆண்ட மகாராணி விதவையான அடுத்த வருஷம் சர் பெரெக்ரின் அவளைப் பெண் கேட்டார். கல்யாணமானதும் அவளோடு நானும் அவர் மாளிகைக்குப் போவதாக ஏற்பாடு. அவள் மனமோ மருந்துக்கடையில் பொட்டலம் மடிக்கிற நேதன்மேல் போய்விட்டது.

"பச்சைத்தண்ணியில பாத்திரம் கழுவ இந்தக் கை தாங்குமா சின்னம்மா?"

"கத்துக்குவேன். உன்னைத்தான் கூட்டிட்டுப் போக முடியாது கெசையா. அவர்கிட்ட இருக்கிறதே ஒரு அறை," என்று சிரித்தாள்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. செய்ததெல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயம் போன நேரத்தில் வந்து, தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டதற்குப் பதில் வாங்கிப்போகும்படி நேதனுக்குச் சொல்லியிருந்தாள். முந்தின நாளே அவளுக்குத் தொண்டை வீங்கிப் பேச்சு நின்றுவிட்டது. "மூச்சு இழுத்தா உடனே ஆள் அனுப்பு," என்று டாக்டர் என்னிடம் சொல்லிப்போனார். துணைக்கு நான் மட்டும் வீட்டில் இருந்தேன்.

கடைப்பையன்கள் வருகிற பின்வாசலுக்கு நேதன் வரவில்லை. முன்வாசலுக்கே வந்தான், கையில் வயலட் பூக்களோடு. கதவைப் பாதி திறந்து, "சின்னம்மா வீட்டில் இல்லை," என்றேன். பெரிய வீடுகளில் அது பொய்யாகாது. உன்னைப் பார்க்க விருப்பமில்லை என்பதை அங்கே மரியாதையாக அப்படித்தான் சொல்வோம். அந்த நேரம் பார்த்துக் கீழே மணி அடித்தது.

"அவங்கதானே அடிக்கிறாங்க?"

"அது எனக்கு அடிக்கிற மணி தம்பி. உனக்கில்ல."

அவன் முகம் சிவந்துபோயிற்று. உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொல்லியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். "பின்வாசலுக்கு வந்திருக்கணும் நான்," என்று சொல்லிவிட்டுப் பூக்களோடு திரும்பிப் போனான்.

நான் ஆறாவது மணிக்கு எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினேன். மறுபடி அடித்தது. மேலே போனால், அவன் வந்தானா என்று கண்ணாலேயே கேட்பாள். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. பிறகு விடாமல் அடித்தது. காலையிலேயே அவள் மூச்சு சீட்டியடிப்பதுபோல இழுத்ததைக் கேட்டிருந்தேன். தெரியாது என்று உங்களிடம் சொல்லமாட்டேன். கடைசியில் கம்பி மட்டும் நடுங்கியது. அது நின்ற பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன்.

கயிறு அவள் விரல்களில் சுற்றியிருந்தது. ஒவ்வொன்றாக விடுவித்து, தலையை வாரிவிட்டேன். அந்தக் கை கடைசிவரை பச்சைத்தண்ணீரில் நனையவில்லை.

இப்போது நான் இருக்கிற அறையில் மணியே கிடையாது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிக்கிறது. நீங்கள் பயப்படாதீர்கள், கண்ணுகளா. நான் எழுந்து போவதில்லை.

சின்னம்மா வீட்டில் இல்லை.